டிரம்மர் இல்லை, 1990-க்குப் பிறகு புது ஆல்பமும் இல்லை: 'சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி' பேண்ட் எப்படி ஓடுகிறது?

வாளையாரைத் தாண்டினால் பாலக்காடு, போடிமெட்டு ஏறினால் இடுக்கி. கொழிஞ்சாம்பாறை, மூணாறு, மறையூர், குமுளி என இந்த எல்லை நெடுக தமிழ் பேசும் ஊர்கள். இப்படி ஒரு ஊரிலிருந்து கோவைக்கோ கொச்சிக்கோ வேலைக்கு வந்து, ராத்திரி லேப்டாப்பில் பீட் போட்டுக்கொண்டிருப்பவர் யாராவது உங்கள் ஆபீஸிலும் இருக்கலாம். பேண்ட் ஆரம்பிக்க ஆசை இருக்கும். ஆனால் டிரம்மர் கிடைக்க மாட்டார், டிரம்ஸ் வைத்துப் பழக இடம் இருக்காது, லேபிளில் தெரிந்த ஆள் ஒருவரும் இருக்க மாட்டார்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1980-இல் இதே நிலைமையில் இருந்த இரண்டு பேர் தொடங்கியதுதான் 'தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி'. எலெக்ட்ரானிக் கோதிக் ராக் என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாடகர் ஆண்ட்ரூ எல்ட்ரிச்சுக்கு 'கோதிக்' என்ற பட்டமே பிடிக்காது, தாங்கள் ஒரு ராக் பேண்ட், அவ்வளவுதான் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்பவர்கள் விடுவதாக இல்லை.

கோதிக் ராக் என்றால் என்ன?

1970-களின் கடைசியில் பங்க் அலை ஓய்ந்தபோது பிரிட்டனில் முளைத்த பாணி இது. பங்க்கில் இருந்த கத்தல் குறைந்து, அந்த இடத்தில் இருட்டும் எதிரொலியும் வந்தன. பாட்டை இழுத்துக்கொண்டு போகும் வேலை பேஸ் கிட்டாருடையது. லீட் கிட்டார் தூரத்து மணி போல ஒலிக்கும். குரல் அடித்தொண்டையிலிருந்து வரும். சாவு, காதல், மதம், போதை எல்லாம் வரிகளில் கலந்து கிடக்கும். 'பௌஹாஸ்' குழு 1979-இல் ஒரு சின்ன லேபிளில் வெளியிட்ட 'பெலா லுகோசிஸ் டெட்' என்ற 9 நிமிடப் பாட்டைத்தான் பலரும் தொடக்கப் புள்ளியாகச் சொல்வார்கள்.

லீட்ஸ்காரர்கள் இதோடு சேர்த்தது ஒரு மெஷினை.

டிரம்மர் பெயர் 'டாக்டர் அவலாஞ்ச்'

எல்ட்ரிச்சும் கிட்டாரிஸ்ட் கேரி மார்க்ஸும் தங்கள் பாட்டை ரேடியோவில் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று சொந்தக் காசில் முதல் சிங்கிளை வெளியிட்டார்கள். அதில் டிரம்ஸ் வாசித்தது எல்ட்ரிச்தான். தன் வாசிப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்திருந்ததால், பாடகராக மாறிவிட்டு ஒரு டிரம் மெஷின் வாங்கினார். முதலில் வந்தது பாஸ் கம்பெனியின் டிஆர்-55, கையடக்கமான சின்னப் பெட்டி. பிறகு ரோலண்டின் டிஆர்-808, ஓபர்ஹெய்ம் டிஎம்எக்ஸ் என்று மாறிக்கொண்டே வந்தது. மெஷின் எதுவானாலும் பெயர் மட்டும் 'டாக்டர் அவலாஞ்ச்'தான். இப்போது அந்த டாக்டர் லேப்டாப்பில் குடியிருக்கிறார். மேடையில் அதை இயக்குபவருக்குக் குழு வைத்திருக்கும் பதவிப் பெயர், டாக்டரின் நர்ஸ்!

இந்த மெஷின் வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. ஒரு தாளச் சுற்றை 16 கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறோம் என்று வையுங்கள். எந்தக் கட்டத்தில் கிக், எந்தக் கட்டத்தில் ஸ்நேர் என்று குறித்துவிட்டால், மெஷின் அதையே சலிக்காமல் சுற்றிச் சுற்றி வாசிக்கும். மனித டிரம்மர் பாட்டின் உணர்ச்சிக்கேற்ப லேசாக முந்துவார், பிந்துவார். மெஷினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மற்றவர்கள் இதை ஒரு குறையாகப் பார்த்தார்கள். இவர்கள் அதையே தங்கள் பாணியாக வைத்துக்கொண்டார்கள். ஈவிரக்கமில்லாத தாளம் ஒரு பக்கம், அதன் மேல் நொந்துபோன மனிதக் குரல் இன்னொரு பக்கம். கோதிக் பாட்டுக்கு டிஸ்கோவில் ஆட முடிந்ததே இந்தக் கூட்டணியால்தான். செலவும் மிச்சம்: வேனில் ஒரு சீட் குறையும், சம்பளத்தில் ஒரு பங்கு குறையும்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

சொந்த லேபிளுக்கு 'மெர்சிஃபுல் ரிலீஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1984-இல் லேபிளின் பெயரைத் தங்களிடமே வைத்துக்கொண்டு டபிள்யூஇஏ என்ற பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1985 மார்ச்சில் முதல் ஆல்பம் வந்தது. அதே ஆண்டு ஜூனில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கச்சேரி. அது முடிந்து கொஞ்ச நாளில் குழு உடைந்தது.

பிரிந்துபோன வெய்ன் ஹஸ்ஸியும் கிரெய்க் ஆடம்ஸும் 'தி சிஸ்டர்ஹுட்' என்ற பெயரில் மேடையேறினார்கள். எல்ட்ரிச் 1986 ஜனவரியிலேயே அதே பெயரில் ஒரு சிங்கிளை அவசரமாக வெளியிட்டு, பெயரைத் தன் வசமாக்கிக்கொண்டார். அடுத்து வந்த ஆல்பத்துக்கு 'கிஃப்ட்' என்று தலைப்பு. ஆங்கிலத்தில் அது பரிசு, ஜெர்மன் மொழியில் விஷம். எதிர்த் தரப்பு 'தி மிஷன்' என்று வேறு பெயருக்குப் போக வேண்டியதாயிற்று.

1987-இல் 'ஃப்ளட்லேண்ட்' ஆல்பம் வந்தது. ஜிம் ஸ்டைன்மன் தயாரிப்பில், நியூயார்க் கோரஸ் குழுவோடு பதிவான 'திஸ் கரோஷன்' பிரிட்டன் பட்டியலில் 7-ஆம் இடம் பிடித்தது. 1990-இல் 'விஷன் திங்'. அதுதான் இன்றுவரை கடைசி ஸ்டுடியோ ஆல்பம்.

ஏன் நின்றது? ஒப்பந்தத் தகராறு. கம்பெனிக்கு இன்னும் இரண்டு ஆல்பம் பாக்கி. 'வேலைநிறுத்தம்' என்று சொல்லிவிட்டு எல்ட்ரிச் ஏழு வருஷம் புது ஸ்டுடியோ ஆல்பம் எதையும் பதிவு செய்து கொடுக்கவில்லை. கடைசியில், 1997-இல், எஸ்எஸ்வி என்ற வேறு பெயரில் டிரம்ஸே இல்லாத டெக்னோ பதிவு ஒன்றைக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார். டிரம் மெஷினால் பெயர் வாங்கிய ஆள் தாளமே இல்லாத ஆல்பத்தைக் கையில் கொடுத்தால் கம்பெனி என்ன செய்யும்? வாங்கி வைத்துக்கொண்டது. முறைப்படி வெளியிடவே இல்லை.

அதற்குப் பிறகு குழு வாழ்வது கச்சேரிகளில். புதுப் பாட்டுகள் எழுதுகிறார்கள், மேடையில் பாடுகிறார்கள், ஆல்பமாக மட்டும் போடுவதில்லை. ரசிகர்களுக்கு இது எரிச்சல்தான். என்னைக் கேட்டால், எல்ட்ரிச்சின் பிடிவாதத்தில் பாதி கொள்கை, பாதி வீம்பு. ஆனால் அந்த வீம்பைக் காட்ட முடிந்ததற்குக் காரணம், பெயரும் லேபிளும் அவர் கையில் இருந்ததுதான்.

நம்ம பக்கம் நிலைமை என்ன?

எலெக்ட்ரானிக் ஒலியும் ராக்கும் கலந்து கேரளத்தில் பெயர் எடுத்த குழு, திருவனந்தபுரத்தின் 'அவியல்'. தொடங்கியது 2003-இல், முதல் ஆல்பம் வந்ததோ 2008-இல். தமிழில் 2021 மார்ச்சில் வெளியாகிப் பல கோடி முறை பார்க்கப்பட்ட சுயாதீனப் பாட்டு 'எஞ்சாய் எஞ்சாமி'. அதிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகவே சொன்னார்.

எல்லைப் பகுதிக்கு என்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிஸ்டர்ஸ் 1992-இல் தங்கள் 'டெம்பிள் ஆஃப் லவ்' பாட்டை மறுபதிவு செய்தபோது, யேமன் யூத மரபில் வந்த ஓஃப்ரா ஹசாவின் குரலைச் சேர்த்தார்கள், அவர் பெயரைப் போட்டே வெளியிட்டார்கள். இங்கே அட்டப்பாடியின் நஞ்சியம்மா 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் இருளர் மொழியில் பாடி, 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றார். நாளைக்கு ஒரு லேப்டாப் பேண்ட் ஒரு இருளர் பாட்டையோ முதுவர் பாட்டையோ மொபைலில் பதிந்து பீட் மேல் போட்டால் காசு யாருக்கு? இன்னார் எழுதியது என்று சொல்ல முடியாத பழைய மரபுப் பாட்டுக்குக் காப்புரிமை இருக்காது. ஆனால் பாடுபவருக்குக் கலைஞர் உரிமை உண்டு, அவரைக் கேட்காமல் பதிவு செய்யக் கூடாது. பதிவுக்கான உரிமையோ தயாரித்தவருக்குப் போகும். பாடிய பாட்டி கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் மீதியைத் தீர்மானிக்கும்.

பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் 2012 சட்டத் திருத்தம் ஒரு பாதுகாப்பு தருகிறது. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் ராயல்டியில் சம பங்கு கேட்கும் உரிமை போகாது. பேண்ட் பெயரை டிரேட்மார்க்கில் 41-ஆம் வகுப்பில் பதியலாம், பொழுதுபோக்குச் சேவைகள் அதில்தான் வரும். யார் பெயரில் பதிவது, யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை முதல் பாட்டு வெளியாகும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஹிட் ஆன பிறகு அந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது ரொம்பக் கஷ்டம்.