சிப்பிக்கு ஒரு கணக்கு, சித்திரத்துக்கு ஒரு கணக்கு

திருகோணமலையை அடுத்த தம்பலகாமக் குடாவில் 1858க்கு முந்திய மூன்று ஆண்டுகளில் குத்தகைகாரர் அள்ளிய சிப்பி 1 கோடியே 80 இலட்சத்துக்குக் குறையாது. இலங்கையின் இயற்கை வரலாறு பற்றிய நூலில் எமர்சன் டெனன்ட் தரும் தொகை இது. ஆண்டுக்கு 60 இலட்சம்; நாளொன்றுக்குப் பதினாறாயிரத்துக்கு மேல். தட்டையான ஓடு, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. கோவாவிலும் பிலிப்பைன்ஸிலும் இதே இனத்தை ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகப் பதித்தார்கள். உள்ளிருக்கும் முத்தோ பொடியானது, தரம் குறைந்தது. அதை இந்தியக் கரைக்கு ஏற்றி, சுட்டுச் சுண்ணாம்பாக்கி, வசதி படைத்தவர்கள் வெற்றிலையில் தடவினார்கள். எத்தனை சிப்பி என்று கணக்கு உண்டு. எத்தனை பேர் இறங்கி எடுத்தார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

இந்தச் சிப்பியையும் மன்னார் முத்துச்சிப்பியையும் ஆராய்ந்தவர் எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட். 1819இல் இலங்கையில் பிறந்து, எடின்பரோவில் படித்த இராணுவ மருத்துவர். 1852இலேயே இலங்கை விலங்குகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அரசுக்குச் சிப்பி ஆராய்ச்சியில் திடீர் அக்கறை வந்ததற்கும் ஓர் எண்தான் காரணம். 1838 முதல் 1854 வரை 17 ஆண்டுகள் மன்னாரின் சிப்பிப் படுகைகளான பார்களில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. கருவூலத்துக்கு அந்தத் தலைப்பில் வரவு பூச்சியம்.

கெலார்ட் திருகோணமலையில் சிப்பிகளை வைத்துக் கவனித்தார். முத்துச்சிப்பி பாறையை நூல்போன்ற இழைகளால் பற்றிக்கொண்டு ஆயுள் முழுக்க ஒரே இடத்தில் கிடக்கும் என்பதே அதுவரை இருந்த எண்ணம். அவர் கண்டது வேறு: சிப்பி தன் இழையைத் தானே விட்டுவிடுகிறது, பாதத்தை நீட்டி ஊர்ந்து நகர்கிறது, பிடித்த இடத்தில் புதிதாக இழை விடுகிறது. அப்படியானால் சிப்பியை ஒரு பாரிலிருந்து இன்னொரு பாருக்குப் பெயர்த்து வளர்க்கலாம். அரசு எதிர்பார்த்த இலாபம் அங்கேதான் இருந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது அரசு கேட்காத வேலை. அதே கடலில் கண்ட ஓடில்லாக் கடல் நத்தைகளைக் கெலார்ட் விவரித்தார், வண்ணப்படமாகவும் பதிந்தார். முத்தும் சங்கும் பேழையில் நூறாண்டு கிடந்தாலும் கெடாது. இந்த நத்தையைச் சாராயத்தில் போட்டால் நிறம் போய்விடும், உடல் சுருங்கிவிடும். உயிரோடிருக்கும்போது தீட்டிய படம்தான் அதன் உண்மையான மாதிரி.

ஐரோப்பியர், அரும்பொருள்களைச் சேர்த்துவைத்த தங்கள் அதிசயப் பேழைகளுக்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் மருந்துக்கடைக்காரர் அல்பர்ட்டஸ் சேபா, கீழைத்தேசங்களிலிருந்து வந்திறங்கிய கப்பல்காரரிடம் பாம்பும் சங்கும் பறவையும் வாங்கிச் சேர்த்தார். 1716இல் அந்தச் சேகரத்தை ரஷ்யாவின் மகா பீட்டர் 15,000 கில்டருக்கு வாங்கினார். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் சாதாரண மாலுமிக்கு மாதச் சம்பளம் சுமார் 10 கில்டர். அவன் 125 ஆண்டுகள் உழைத்தால் வரும் தொகை அது. சேபா மறுபடி சேர்த்தார். அதைப் படமாக்கிய நான்கு பாகங்களில் 446 செப்புத்தகட்டுப் படங்கள். முதல் பாகம் 1734இல் வந்தது. கடைசிப் பாகம் 1765இல், அவர் இறந்து 29 ஆண்டுகள் கழித்து.

இலங்கைச் செடிகள் மலிவாகவே போயின. 1672 முதல் 1677 வரை இங்கே மருத்துவராக இருந்த பவுல் ஹெர்மன் உலர்த்திய செடிகளும் வரைபடங்களும் ஐந்து தொகுதிகள். அவற்றை வைத்துத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் எழுதிய நூலில் 657 பதிவுகள். கைமாறிக் கைமாறி, கடைசியில் ஆங்கில இயற்கையியலாளர் ஜோசப் பாங்க்ஸ் அந்தத் தொகுதிகளை 75 பவுணுக்கு வாங்கினார். வகுத்தால் ஒரு பதிவுக்கு 2 சிலிங் 3 பென்ஸ். இந்தச் செடிகளைக் காட்டித் தந்து, ஊர்ப்பெயரும் சொன்னவர்களின் பங்கு அந்தத் தொகையில் எங்கும் வராது. பெயர் நிலைத்த ஓவியர்களும் சிலரே. ஒல்லாந்து ஆளுநர் லோட்டனுக்கு 1750களில் பறவைகளை வரைந்த, இலங்கையிலேயே பிறந்த பீட்டர் டி பெவெரே அவர்களில் ஒருவர்.

கெலார்ட் 1860இல் இறந்தார். வயது 40. அவர் விவரித்த நத்தைகள் எவை எவை என்ற குழப்பம் நீள, 1906இல் சார்ள்ஸ் எலியட் அவற்றை மீளாய்வு செய்தார். இங்கிலாந்தின் நியூகாசில் ஹான்காக் அருங்காட்சியகத்துச் சேகரங்களோடு அந்த ஆய்வுக்கு ஆதாரமாக நின்றவை கெலார்ட்டின் படங்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தும் காகிதம் சாட்சி சொன்னது. அவர் பெயரிட்ட ஜொருன்னா ஃபுனெப்ரிஸ், வெள்ளை உடலில் கரிய வளையங்கள் கொண்டது, இன்றும் அதே இனப்பெயரோடுதான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் இந்தியக் கடலில் கிடைத்த இதே நத்தையிலிருந்து புற்று எதிர்ப்பு ஆற்றலுள்ள ஜொருமைசின் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். முத்து வரவைத் தேடிய அரசு, தன்னை அறியாமலே, முத்தைவிட நீடிக்கும் ஒன்றுக்கு இடம் கொடுத்திருக்கிறது என்பேன்.

ஹெர்மனின் தொகுதிகளை இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கெலார்ட்டின் நத்தைப் படங்களும் அவை பிறந்த ஊரில் தொங்க வேண்டும். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் நியூகாசில் அருங்காட்சியகத்துக்கு எழுதி, அச்சிடத் தகுந்த பிரதிகளைக் கேட்க வேண்டும். ஒல்லாந்தர் கட்டடத்தில் இயங்கும் கடற்படை அருங்காட்சியகத்தில் அவற்றை வைக்கலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் நம் சுழியோடிகளும் மீனவர்களும் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். சொன்னவரின் பெயரையும் கூடவே எழுதுங்கள்.