ஒன்றரை டிக்கெட்டில் ஒரு விடுமுறை

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்: "இந்த வருஷமாவது எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா." பெரம்பலூர், அரியலூர் பக்கம் இதற்குப் பெரும்பாலும் ஊட்டி, இல்லாவிட்டால் வேளாங்கண்ணி என்பதுதான் பதில். தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பேசுவார்கள். வேன் வாடகை, டிரைவர் பேட்டா, டோல், லாட்ஜ், மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். சீட்டுப் பணத்தை எடுத்துப் போய்வந்த வீடுகள் எனக்குத் தெரியும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு வாங்கக் கைமாற்று கேட்ட வீடுகளும் தெரியும்.

மலைக்குப் போவதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. ஆனால் இப்போது அங்கே போக முன்னேற்பாடு வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்காமல் வெளி வண்டிகள் போக முடியாது. 2025 ஏப்ரல் முதல் கோடை நாட்களில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள். கூட்டம் மொய்க்கும் மே மாதத்தில் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும்.

குடும்பப் பயணத்தில் பணத்தை அதிகம் தின்பது தங்கும் இடமும் வண்டியும்தான். இரவு சொந்த வீட்டில் படுக்கிற மாதிரி பயணத்தை அமைத்தால் முதல் செலவு அடியோடு போய்விடும். இரண்டாவதற்கு அரசு பஸ் இருக்கிறது. அப்பா, அம்மா, பாட்டி, ஒன்பது வயதுப் பையன், நாலு வயதுப் பெண் என்று ஐந்து பேர் கொண்ட வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் டிக்கெட் இல்லை. பையனுக்கு அரை டிக்கெட். ஐந்து பேர் ஏறினாலும் காசு கொடுப்பது ஒன்றரை டிக்கெட்டுக்குத்தான். புறநகர் பஸ்ஸில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் காசு கொடுத்தாக வேண்டும். அப்போதும் வேன் வாடகையோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

சரி, அப்படி ஏறி எங்கே போவது?

முதலில் கங்கைகொண்ட சோழபுரம். ஜெயங்கொண்டத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், கும்பகோணம் சாலையில் இருக்கிறது. வடக்கே கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழன் தஞ்சையை விட்டு இங்கே தலைநகரை மாற்றினான். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் சோழர் ஆண்டது இந்த ஊரிலிருந்துதான். யுனெஸ்கோ 2004-ல் இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. எத்தனையோ நாடுகளிலிருந்து விமானம் ஏறி வந்து பார்க்கிற கோயிலை, ஜெயங்கொண்டத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம். உள்ளே போகக் கட்டணமும் இல்லை.

பிள்ளைகளை அங்கே ஓட்டமாய் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வடக்குப் பக்கப் படிக்கட்டு அருகே சண்டேசருக்கு அருள் செய்யும் சிவன் சிற்பம் இருக்கிறது. பக்கத்தில் பார்வதி அமர்ந்திருக்க, சிவன் இரு கைகளாலும் சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். கீழே அவர் தலை குனிந்து, கை கூப்பி உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குனிந்த முகத்தில் உள்ள நிறைவைக் கல்லில் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். ராஜேந்திரனுக்கே இறைவன் முடிசூட்டுவதாக இதற்கு ஒரு விளக்கமும் உண்டு. சண்டேசர் மாடு மேய்த்த கதையைப் பாட்டி அங்கேயே உட்கார்ந்து சொல்லட்டும். பக்கச் சுவர்களில் அந்தக் கதை சிறு சிறு காட்சிகளாய்ச் செதுக்கப்பட்டிருக்கிறது. மாடு எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னால் அரை மணி நேரம் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

வெளியே சிங்கக் கிணறு. சிங்க உருவத்துக்குள்ளே புகுந்து கிணற்றுக்குப் படி இறங்கும். கங்கைத் தண்ணீரை இதில் ஊற்றியதாக ஊரில் சொல்வார்கள். மதிலைச் சுற்றி வந்தால் கல் பெயர்ந்த இடங்கள் தெரியும். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இங்கிருந்து கல் எடுத்துப்போனார்கள். அந்த அணைதான் இன்று நாம் பஸ்ஸில் கடக்கிற அணைக்கரை. இதைச் சொன்னபோது என் அக்கா மகன், "அப்போ பாலத்துலயும் கோயில் இருக்கா?" என்று கேட்டான். அக்கேள்வியைப் பாடப் புத்தகம் கேட்க வைத்திருக்காது.

கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள். மே மாதத்தில் பதினோரு மணிக்கே தரைக் கல் காலைப் பொசுக்கும். அதனால் காலை ஏழரைக்குள் போய்ச் சேருவது நல்லது. வெயில் ஏறியதும் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். தயிர்சாதம் பிற்பகலில் புளித்துவிடும். நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்த புளிசோறு இரவு வரை கெடாது. தொட்டுக்கொள்ள வறுத்த மோர்மிளகாய் போதும்.

இரண்டாவது பயணம் கடலுக்கு. பெரம்பலூரில் ஏது கடல் என்று கேட்பீர்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த மண் முழுக்கக் கடல்தான். டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் உள்ளே ஏறி வந்து, பின்வாங்கி, மறுபடி ஏறியது. சாத்தனூரில் அதற்குச் சாட்சியாக ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் ஏறத்தாழ 18 மீட்டர். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். கடலோரம் விழுந்த மரம் சேற்றில் புதைந்து, அதன் நார்களின் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மணற்சத்து ஏறிக் கல்லாகிவிட்டது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் மரத்தின் ரேகை தெரியும், தொட்டால் கல்லின் குளிர்ச்சி.

சாத்தனூரோடு காரைப் பக்கத்துச் செம்மண் பள்ளங்களையும் பார்த்து வரலாம். அரியலூர்ப் பக்கம் போனால் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. நத்தைபோல் சுருண்ட கல் ஒன்றைப் பார்ப்பீர்கள். அம்மோனைட் என்று பெயர். கடலில் நீந்திய உயிர் அது. 2020-ல் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாய்க் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று ஊரே கூடியது. பார்த்த வல்லுநர்கள் முட்டை இல்லை, அம்மோனைட்டோடு சேர்ந்த கடல் படிவு என்றார்கள். அரியலூர்ச் சிமெண்டுக்கு வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் உயிர்களின் ஓடு படிந்து உண்டானதுதான். வழியில் கல் ஏற்றிய லாரி எதிரே வரும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள்: கிடைக்கிற படிவத்தைப் பையில் போட்டு எடுத்து வராதீர்கள். ஆளுக்கு ஒன்று எடுத்தால் அடுத்த தலைமுறைக்கு வெறும் பள்ளம்தான் மிஞ்சும்.

விடுமுறை என்றால் மே மாதம்தான் என்ற பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் நம் ஊருக்கு அருமையான காலம். திருமானூர் பக்கம் கரைவெட்டி ஏரிக்கு அப்போதுதான் வெளிநாட்டுப் பறவைகள் வரும். இமயத்தைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்தை இங்கே பார்க்கலாம். 2024 ஜனவரியில் இந்த ஏரிக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்கிற ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. விடியலில் போனால்தான் பறவை கிடைக்கும். வழியிலேயே கீழையூர் இரட்டைக் கோயில், பழுவேட்டரையர் காலத்தது. 'பொன்னியின் செல்வன்' படித்த அம்மாக்களுக்குப் பழுவூர் என்ற பெயரே போதும். மழைக் காலம் முடிகிற சமயம் பச்சைமலையில் லாடபுரம் மயிலூற்றில் தண்ணீர் விழும். மழை பிடிக்கும் நாளில் பிள்ளைகளோடு அங்கே போகக் கூடாது.

கிழமையும் பார்க்க வேண்டும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கும். இது தெரியாமல் சேலத்திலிருந்து ஒரு நண்பர் குடும்பத்தோடு சனிக்கிழமை வந்து, சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவரை அங்கிருந்து ரஞ்சன்குடி கோட்டைக்கு அனுப்பினேன். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1751-ல் மோதிய வாலிகண்டபுரம் பக்கத்தில்தான் அந்தக் கோட்டை. பையன்கள் கோட்டைப் படி ஏறி இறங்கிய களிப்பில் அலைச்சலை மறந்துவிட்டார்கள் என்று பிறகு போனில் சொன்னார்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் அரியலூரில் இறங்குவது நல்லது. பெரம்பலூருக்கு ரயில் இல்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். முகூர்த்த நாளில் மட்டும் லாட்ஜ் தேடாதீர்கள்.

ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை இடம் இருந்தும் இவற்றைக் கோத்து ஒரு விடுமுறைக்கால பஸ் விட்டால் என்ன? காலையில் பெரம்பலூரில் கிளம்பி, சாத்தனூர், அரியலூர், கங்கைகொண்ட சோழபுரம் என்று போய் மாலையில் திரும்பும் ஒரு பஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போதும். வண்டி வைத்திருக்காத வீட்டுப் பிள்ளைகளும் இந்தக் கல்மரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். நிழலும் குடிதண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் எல்லா இடத்திலும் இருந்தால் பாட்டியும் தயங்காமல் கிளம்புவார்.

அதுவரை, சாத்தனூர் மாதிரி ஊரில் இறங்கும்போது திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துனரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.