நுரையீரலின் காவலர்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையை அடுத்த எல்லைக் கிராமங்களிலும் வாழ்வோர் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குபவர்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்தும் சில சொற்கள் பிரியவில்லை. தமிழர் சயரோகம் என்பதை மலையாளத்தார் க்ஷயம் என்பர். தேய்தல் என்பதே அதன் பொருள். அந்நோயை நுரையீரல் எவ்வாறு எதிர்க்கிறது, அந்தக் காவல் எங்கே தளர்கிறது என்பதை ஆராய்வோம்.

நாளொன்றுக்கு நாம் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். தூசியும் கிருமியும் அதனுடன் புகுகின்றன. பெரிய துகள்கள் மூக்கிலேயே தங்கிவிடும். தப்பியவற்றை மூச்சுக்குழாயின் கோழைப்படலம் ஒட்டிப் பிடிக்கும். அங்குள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, அக்கோழையைத் தொண்டைக்கு ஏற்றிவிடும். நாமும் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம்.

ஆனால் காசநோய்க் கிருமியைத் தாங்கிய நுண்துளிகள் மிகச் சிறியவை. காற்றோடு மிதந்து கடைசிச் சிற்றறைகள் வரை சென்றுவிடும். முப்பது கோடிக்கும் மேற்பட்ட அந்த அறைகளில் கோழையும் இல்லை, நுண்மயிரும் இல்லை. பிராணவாயு இரத்தத்தில் கலக்க வேண்டுமாதலால் சுவர் மிக மெல்லியது. அங்கே காவல் புரிவது மேக்ரோஃபேஜ் என்னும் உயிரணு. நம் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் இதனைப் பெருவிழுங்கணு என்று எழுதுவதுண்டு. கிரேக்க மூலத்தை நோக்கினால் பெருந்தீனிக்காரன் என்பதே பொருந்தும். அயற்பொருளை உயிரணுக்கள் சூழ்ந்து விழுங்குவதை 1882-ஆம் ஆண்டு இறுதியில் நட்சத்திரமீனின் இளங்குஞ்சில் கண்டறிந்தவர் ருஷ்ய அறிஞர் மெச்னிகாஃப். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இக்காவலர் எடுத்ததற்கெல்லாம் கூச்சலிடுபவர் அல்லர். தூசிதோறும் போர் மூண்டால் சிற்றறைகளில் நீர் கோத்து மூச்சே முட்டிவிடும். எனவே சிறு பகையை ஓசையின்றி விழுங்கிவிட்டு, தம்மால் இயலாதபோது மட்டுமே இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களைத் துணைக்கு அழைப்பர்.

காசநோய்க் கிருமியின் சூழ்ச்சியோ வேறு. காவலர் அதை விழுங்குவர். ஆயினும் செரிக்க இயலாது. விழுங்கியவரின் வயிற்றுக்குள்ளேயே அது பெருகும். சில வாரங்கள் கழித்துப் பிற காவலணுக்கள் வந்து சூழ்ந்து நின்று மதில் எழுப்புகின்றன. கிருமி பெரும்பாலும் சாவதில்லை, சிறைப்படுகிறது. கிருமி தொற்றியவர் நூற்றுவரில் ஐவர் முதல் பதின்மர் வரையே வாழ்நாளில் நோயாளியாகின்றனர் என்றால், அது இம்மதிலின் வலிமையே.

மதில் எதனால் சரிகிறது? நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்குப் பகுதிகளில் கல்லுடைக்கும் தொழில் உண்டு. இதை அங்குள்ளோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பாறைத்தூளிலுள்ள சிலிக்கா நுண்துகளை விழுங்கிய காவலணு மடிகிறது. அதனின்று வெளிப்பட்ட துகளை மற்றொன்று விழுங்கி அதுவும் மடிகிறது. இவ்வாறு காவற்படை குன்றிய நுரையீரலில் காசநோய் எளிதில் தலைதூக்கும். நீர் தெளித்துக் கல்லை உடைத்தால் தூள் அடங்கும். முகத்தில் துண்டு கட்டுவதால் மட்டும் அந்நுண்தூள் நிற்காது. விறகடுப்பின் புகையும் பீடியும் நுண்மயிர்களை முடக்குகின்றன. கேரளத்தில் மலிந்துள்ள நீரிழிவோ காசநோய் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது.

அம்மை குத்தியதுபோல் பி.சி.ஜி. குத்தினால் போதாதா என்பர் சிலர். சென்னை கிண்டியில் 1948-இல் அதற்கென ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் கொடிய காசத்தை அது பெரிதும் தடுக்கிறது. ஆனால் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பெருஞ்சோதனை, வயது வந்தோரின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று காட்டிற்று. ஏமாற்றமளித்த முடிவுதான், அதை மறையாது வெளியிட்டது நன்று.

மதில் உடைந்த பின்னும் வழியில்லாமற் போகவில்லை. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்போரும் சானடோரியத்தில் தங்கியோர்க்கு இணையாகக் குணமடைவதை 1959-இல் மெய்ப்பித்தது. இன்று வழக்கமான காசத்துக்கு ஆறு மாத மருந்து. அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் கபத்தைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் உணவுக்கென மத்திய அரசு வழங்கும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாயிற்று. நோயாளியின் பெயரைப் பதிவு செய்யும் ஏற்பாட்டுக்கு 'நிக்ஷய்' என்று பெயர். தேய்வில்லாமை என்று பொருள்.