பந்தும் பணமும்: அமெரிக்க லீக் முறையும் கிழக்கின் உதைபந்தாட்டமும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் உதைபந்தாட்டம் ஆடப்படாத ஊரைக் காண்பது அரிது. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கல்லடியிலும் படுவான்கரைக் கிராமங்களிலும் மாலை வேளைகளில் பந்து உருளும் வெளிகள் பல. யாரேனும் ஒருவரது ஞாபகார்த்தக் கிண்ணத்துக்காக விலகல் முறைச் சுற்றுப்போட்டிகள் நடைபெறுகின்றன. சீருடையை ஊர்க் கடைக்காரர் வழங்குவார்; பரிசுத் தொகை வெளிநாட்டிலுள்ள உறவினரிடமிருந்து வரும். எனினும், இவ்விளையாட்டையே தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞன் ஒருவன் மாவட்டத்தை விட்டு வெளியேறாமல் அதனைச் சாதிக்க முடிவதில்லை. இதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. லீக் என்னும் அமைப்பு எவ்வாறு கட்டப்படுகிறது, அதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதிலேயே காரணம் உள்ளது.

இலங்கையின் முதலாவது தொழில்முறை லீக்காக அறிமுகப்படுத்தப்பட்ட சுப்பர் லீக் 2021இல் ஆரம்பமானது. பங்குபற்றிய கழகங்கள் பத்து. களுத்துறை புளூ ஸ்டார் கழகம் சம்பியனானது. அந்தப் பத்தில் மூன்று முப்படைகளின் அணிகள். வடக்கையோ கிழக்கையோ தாயகமாகக் கொண்ட கழகம் ஒன்றேனும் இடம்பெறவில்லை. யாழ்ப்பாணமும் மன்னாரும் மட்டக்களப்பும் இந்நாட்டின் உதைபந்தாட்ட வரைபடத்தில் இல்லாத இடங்களா என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும். அந்த லீக்கும் ஆண்டுதோறும் தொடரவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தியது. ஓகஸ்டில் தடை நீங்கும் வரை சர்வதேசப் போட்டிகளுடன் அபிவிருத்தி உதவிகளும் நின்றுபோயின.

இவ்வேளையில் நாம் அமெரிக்காவை நோக்குவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். இங்கிலாந்தையோ ஸ்பெயினையோ அல்லவா பார்க்க வேண்டும் என்பர். ஆனால் அந்நாடுகளில் உதைபந்தாட்டம் நூறாண்டுகளுக்கு மேலாக மக்களின் முதல் விளையாட்டாக இருந்து வருகிறது. அமெரிக்காவிலோ அமெரிக்க உதைபந்தாட்டம், பேஸ்போல், கூடைப்பந்து ஆகியன சந்தையை முன்னரே கைப்பற்றிவிட்டன. இங்கு கிரிக்கெட் செய்திருப்பதும் அதுவே. அனுசரணையாளரும் தொலைக்காட்சியும் வேறோர் ஆட்டத்தின் பக்கம் நிற்கும் நாட்டில் லீக் ஒன்றை உயிருடன் வைத்திருப்பது எவ்வாறு என்பதற்கு அமெரிக்க அனுபவமே நமக்கு அண்மையிலுள்ளது. மட்டக்களப்பு நகரின் மைதானம், 1947இல் இங்கு வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க யேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரையே தாங்கி நிற்கிறது என்பதையும் இடையில் நினைவுகூரலாம்.

அமெரிக்கர்களும் முதல் முயற்சியில் தோற்றவர்களே. 1968இல் தொடங்கிய வட அமெரிக்க சொக்கர் லீக், 1975இல் நியூயோர்க் கொஸ்மோஸ் கழகம் பெலேயை ஒப்பந்தம் செய்தபோது உலகின் கண்களைத் தன்பால் ஈர்த்தது. அதன் பின்னர் பெக்கன்பவரும் வந்தார். நியூயோர்க் அணியின் ஆட்டத்தைக் காண எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் திரண்ட நாட்கள் உண்டு. 1978இல் கழகங்கள் 24 ஆகப் பெருகின. ஆனால் கொஸ்மோஸின் பின்னால் வார்னர் என்ற பெரு நிறுவனம் இருந்தது. ஏனைய நகரங்களுக்கு அத்தகைய பின்பலம் இல்லை. இருந்தும் அவை கொஸ்மோஸைப் போலச் செலவிட முயன்றன. 1984இல் எஞ்சியவை ஒன்பது கழகங்களே. அந்தப் பருவத்துடன் லீக் மறைந்தது.

இங்கு விளங்கிக்கொள்ள வேண்டிய பொருளியல் ஒன்றுண்டு. தெருவில் எதிர்க்கடை மூடப்பட்டால் இந்தக் கடைக்காரருக்கு வியாபாரம் கூடும். உதைபந்தாட்டத்தில் நிலைமை நேர்மாறானது. எதிரணி முறிந்தால் நமது அணிக்கு ஆடுவதற்கே ஆளில்லை. மைதானத்தில் போட்டியாளராக இருப்பவர் கணக்குப் புத்தகத்தில் பங்காளியாகிறார்.

இந்தப் பாடத்தின் மீதே 1996இல் மேஜர் லீக் சொக்கர் எழுப்பப்பட்டது. 1994 உலகக் கிண்ணப் போட்டியை நடத்தும் உரிமையை 1988இல் பெற்றபோது, தொழில்முறை லீக் ஒன்றை உருவாக்குவதாக அமெரிக்கா பீபாவுக்கு உறுதியளித்திருந்தது. புதிய லீக் பத்துக் கழகங்களுடன் ஆரம்பமானது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவை பத்து நிறுவனங்கள் அல்ல, ஒரே நிறுவனம். முதலீட்டாளர் லீக்கின் பங்குகளை வாங்குகிறார். அதனுடன் ஓர் அணியை நடத்தும் உரிமை கிடைக்கிறது. வீரரின் ஒப்பந்தம் கழகத்துடன் அன்றி லீக்குடனேயே செய்யப்படுகிறது. ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு வீரருக்காக இரு கழகங்கள் போட்டியிட்டு விலையை ஏற்றும் நிலைமை இதனால் தவிர்க்கப்பட்டது.

இதில் இழந்தவர்கள் வீரர்களே. தங்கள் உழைப்பின் விலையைச் செயற்கையாகத் தாழ்த்துவதாகக் கூறி 1997இல் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் லீக்கின் பக்கமே தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் லீக்கின் நிலையும் பரிதாபகரமாகவே இருந்தது. புளோரிடா மாநிலத்தின் இரு கழகங்கள் கலைக்கப்பட்டன. எஞ்சிய பத்தும் அன்சுட்ஸ், ஹன்ட், கிராஃப்ட் என்ற மூன்று செல்வந்தர்களின் தோள்களில் தங்கியிருந்தன. கழகங்கள் தனித்தனியே நின்றிருப்பின் அன்றே அனைத்தும் முடிந்திருக்கும் என்பதே எமது கணிப்பு.

மீட்சிக்கு வழிவகுத்தது நட்சத்திர வீரர்கள் எனப் பலர் நம்புகின்றனர். 2007இல் டேவிட் பெக்கம் லொஸ் ஏஞ்சல்ஸ் கழகத்துக்கு வந்ததும், 2023இல் மெஸ்ஸி மயாமிக்கு வந்ததும் பெருஞ் செய்திகளே. ஆயினும் அதற்கு முன்னரே, 1999இல், கொலம்பஸ் நகரில் உதைபந்தாட்டத்துக்கென்றே ஓர் அரங்கு கட்டப்பட்டிருந்தது. வாடகை அரங்கில் ஆடும் கழகத்துக்கு நுழைவுச்சீட்டுப் பணத்தின் ஒரு பகுதியே மிஞ்சும். வாகனத் தரிப்பிடம், உணவு விற்பனை, விளம்பரப் பலகை ஆகியவற்றின் வருமானம் அரங்க உரிமையாளருக்கே சேரும். சொந்த அரங்கு அந்தக் கணக்கை மாற்றியது. பெக்கம் வரும்போதும் ஊதிய உச்சவரம்பு நீக்கப்படவில்லை. விதிவிலக்கான வீரருக்கென ஒரு சிறு கதவு மாத்திரமே திறக்கப்பட்டது.

இன்றைய நிலையை ஓர் ஒப்பீடு போதுமான அளவுக்கு விளக்கும். 2007இல் லீக்கில் நுழைந்த டொரொன்டோ கழகம் நுழைவுக் கட்டணமாக 10 மில்லியன் டொலர் செலுத்தியது. 2025இல் முப்பதாவது கழகமாக ஆடத் தொடங்கிய சான்டியாகோ 500 மில்லியன் டொலர் செலுத்தியது.

இந்த விலை ஏற்றத்தின் மறுபக்கம் கவனத்துக்குரியது. ஐரோப்பாவில் சிற்றூர்க் கழகம் ஒன்று ஆண்டுக்கு ஆண்டு வென்று மேற்பிரிவுக்கு ஏறலாம். பெரிய கழகம் தோற்றுக் கீழிறங்கலாம். அமெரிக்காவில் அந்த ஏணி கிடையாது. ஆசனத்தைப் பணம் கொடுத்தே பெறவேண்டும். கீழிறங்கும் அபாயம் இல்லாததாலேயே முதலீட்டாளர் துணிந்து பணம் போடுகிறார் என்பது உண்மை. திறமையுள்ள சிறு நகரம் வெளியில் நிறுத்தப்படுவதும் உண்மை. இரண்டாம் நிலையிலுள்ள யுனைட்டட் சொக்கர் லீக் நிர்வாகம், தனது பிரிவுகளுக்கிடையே தரமுயர்வு, தரமிறக்க முறையைக் கொண்டுவர 2025 மார்ச்சில் தீர்மானித்தமை இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது.

மூடிய லீக் ஆசியாவிலும் பரவியுள்ளது. இந்தியன் சுப்பர் லீக் 2014இல் எட்டு அணிகளுடன் அம்முறையிலேயே தொடங்கியது. லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இந்தியச் சம்மேளனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமையால், 2025 ஜூலையில் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. அனைத்துப் பணமும் ஒரே குழாய் வழியே வருமாயின், அது அடைபடும்போது கழகங்கள் யாவும் ஒருங்கே வரண்டுபோகின்றன. எமது பிரதேசத்திலும் 2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் என்ற முயற்சி நடைபெற்றது. இரு மாகாணங்களின் வீரர்களும் பெருந்தொகை ரசிகர்கள் முன்னிலையில் ஆடக் கிடைத்த அந்த வாய்ப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது ஆண்டுதோறும் வரும் தொடராக வேரூன்றவில்லை.

சுப்பர் லீக்கை மீண்டும் கட்டியெழுப்புவோர் அமெரிக்காவிடமிருந்து பெற வேண்டியது செலவுக் கட்டுப்பாட்டையும் வருமானப் பகிர்வையும் ஆகும். மூடிய கதவை அவர்கள் இறக்குமதி செய்யத் தேவையில்லை. மாவட்ட லீக்குகளில் வெல்லும் கழகத்துக்கு மேலே ஏற ஒரு வழி எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன்னர் தீர்க்கவேண்டிய மிகச் சாதாரணமான பிரச்சினை ஒன்றுண்டு, அது போக்குவரத்து. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. கொழும்பில் சனிக்கிழமை ஆட்டமென்றால் அணி வெள்ளிக்கிழமையே புறப்பட வேண்டும். பேருந்து, இரவுத் தங்குமிடம், உணவு, இரண்டு நாள் கூலியை இழக்கும் வீரருக்கான ஈடு அனைத்தும் செலவாகும். கொழும்புக் கழகத்துக்கோ அதே பருவத்தின் பெரும்பாலான ஆட்டங்கள் நகர எல்லைக்குள்ளேயே முடிந்துவிடும். இந்தப் பயணச் செலவைக் கழகத்தின் கணக்கில் எழுதுவதா, லீக்கின் பொதுக் கணக்கில் எழுதுவதா என்று சம்மேளனம் பருவம் தொடங்குமுன் அறிவிக்க வேண்டும்.