“ஆமாம்” என்ற விடையை நம்பலாமா?

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் சென்றுவரும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர் அறிவுசார் குறைபாடு உடையவர். நீண்ட கேள்விகளைப் புரிந்துகொள்ள அவருக்குக் கூடுதல் நேரம் வேண்டும். “பயணம் சுலபமாக இருக்கிறதா, தம்பி?” என்று கேட்கிறீர்கள். “ஆமாம்” என்கிறார். சற்றுப் பொறுத்து, “பயணம் கஷ்டமாக இருக்கிறதா?” என்கிறீர்கள். அதற்கும் “ஆமாம்”! எதைக் குறித்துக்கொள்வீர்கள்?

அவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் கேரல் சிகெல்மன் குழுவினர் 1981-இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். ஒன்றுக்கொன்று எதிரான இரு வினாக்களுக்கும் பலர் ‘ஆமாம்’ என்றே கூறினர். கேள்வி விளங்காதபோதும், கேட்பவர் மனம் கோணக் கூடாது என்று எண்ணும்போதும் ‘ஆமாம்’ என்பதே எளிய விடை அல்லவா?

ஆகவே, கேட்கும் முறையை மாற்ற வேண்டும். செல்பேசித் திரையில் இரு படங்களைக் காட்டுங்கள். ஒன்றில் ஒருவர் பேருந்தில் எளிதாக ஏறுகிறார், மற்றதில் திணறுகிறார். படத்தைத் தொட்டால் அதன் பொருளைச் செல்பேசியே தமிழில் சொல்லட்டும். பிறகு படங்களை இடம் வலம் மாற்றி மீண்டும் கேளுங்கள். இரு முறையும் அதே படத்தைத் தொட்டால் விடையை ஓரளவு நம்பலாம். தொட்டால் பேசும் படங்கள் நமக்குப் புதியவை அல்ல. பேச இயலாத குழந்தைகளுக்காக அஜித் நாராயணன் சென்னையில் உருவாக்கிய ‘ஆவாஸ்’ கருவி, அங்குள்ள வித்யாசாகர் அமைப்பின் துணையோடு வளர்ந்ததே.

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். செல்பேசியை அவர் கையிலேயே கொடுத்து, “வழியில் எது தொல்லை தருகிறதோ, அதைப் படம் எடுத்து வாருங்கள்” என்று சொல்லுங்கள். நாம் கூட்ட நெரிசலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்போம். அவரோ, எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும் பேருந்தின் மின்பலகையைப் படம் எடுத்து வரக்கூடும்! படித்து முடிப்பதற்குள் ஊர்ப்பெயர் ஓடிவிடுகிறதே! அந்தக் கேள்வி நம் பட்டியலில் இருந்திராது. இப்போது அவர் ஆராயப்படுபவர் மட்டும் அல்லர். ஆராய்ச்சிக் குழுவில் ஒருவர். இத்தகைய ‘உள்ளடக்கிய ஆராய்ச்சி’யைப் பற்றி ஜேன் வாம்ஸ்லி, கெல்லி ஜான்சன் இருவரும் 2003-இல் ஒரு நூலே எழுதினர்.

ஓர் எச்சரிக்கை. “எங்கள் ஆய்வில் சேர்கிறீர்களா?” என்ற கேள்விக்கும் ‘ஆமாம்’ என்ற விடையே வரக்கூடும். ஆகவே அதனையும் படங்களால் விளக்க வேண்டும். ‘வேண்டாம்’, ‘நிறுத்து’ என்னும் படங்கள் எப்போதும் திரையில் இருக்க வேண்டும். இது நாம் காட்டும் கருணை அன்று. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவருக்குப் புரியும் தொடர்பு முறையில் விளக்கி, அவருடைய இசைவைப் பெறாமல் அவரை ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது.

‘வேண்டாம்’ என்று சொல்ல வழி இருக்கும்போது வருகிற ‘ஆமாம்’ ஒன்றையே நாம் குறித்துக்கொள்ளலாம்.