நிலநடுக்கத்தையே தாங்கிய ரக்பி அணி... கடைசியில் எதுக்கிட்ட தோத்துச்சு?

கறுப்பும் பச்சையும். ஜெர்ஸிக்கு அவ்வளவு எடுப்பான காம்பினேஷன் இல்லைதான். ஆனா, இத்தாலியின் லாக்குயிலா நகரத்தில் ரக்பி ஆடப் போனவர்கள் 80 வருஷத்துக்கும் மேலாக இந்த இரண்டு நிறத்தைத்தான் மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். அதுக்கு ஊர்க்காரர்கள் சொல்ற காரணம் கொஞ்சம் கனமானது.

1703-ல் ஒரு பெரிய நிலநடுக்கம் லாக்குயிலாவைத் தரைமட்டமாக்கியது. அதுவரை ஊரின் நிறம் வெள்ளையும் சிவப்பும். அதற்குப் பிறகு மாற்றிக்கொண்டார்கள். செத்தவர்களுக்காகக் கறுப்பு, மிச்சமிருப்பவர்களின் நம்பிக்கைக்காகப் பச்சை. அதாவது, இந்த அணியின் ஜெர்ஸியே ஒரு துக்க உடை மாதிரி.

லாக்குயிலா என்றால் கழுகு. ரோமில் இருந்து சுமார் 100 கி.மீ தூரத்தில், 700 மீட்டர் உயரத்தில், கிரான் சாஸோ மலைக்குக் கீழே இருக்கிற ஊர். மக்கள்தொகை 70,000 பக்கம். ஒரு காலத்தில் ஆட்டு ரோமமும் குங்குமப்பூவும் விற்றுச் செழித்த இடம். குளிர் பின்னியெடுக்கும். இத்தாலியில் ரக்பின்னா வடக்குதான் கோட்டை. த்ரெவிஸோ, பதோவா, ரோவிகோன்னு ஒரே ஏரியாவில் பெரிய கிளப்கள் அடுக்கடுக்காக இருக்கும். அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தெற்கே, மலைக்கு நடுவில், 1936-ல் இந்த கிளப் ஆரம்பமானது. ஆரம்பகால முன்னோடியான தொம்மாஸோ ஃபத்தோரியின் பெயரைத்தான் ஊர் மைதானத்துக்கும் வைத்தார்கள்.

ரக்பி பார்த்ததே இல்லை என்பவர்களுக்கு ரெண்டு வரி: ஒரு பக்கம் 15 பேர், முட்டை வடிவப் பந்து, 80 நிமிஷம். கையால் பாஸ் பண்ணும்போது பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கணும், முன்னால் கொடுத்தால் தப்பு. முன்னேறணும்னா பந்தோடு ஓடணும், முட்டணும், இல்லைன்னா உதைக்கணும். உடம்பு வலு இல்லாமல் ஆகாது. அதைவிட முக்கியம், பக்கத்தில் நிற்கிறவன் ஓடமாட்டான் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை லாக்குயிலாவில் இயல்பாகவே இருந்தது. பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்கள். ஒரே தெரு, ஒரே ஸ்கூல். அப்போ ரக்பி யூனியனில் சம்பளம் வாங்கி ஆடக் கூடாது என்பது சர்வதேச விதி. அதனால பகலில் வேலை, சாயங்காலம் பிராக்டிஸ். இப்படி ஆடியே 1967-ல் இத்தாலி சாம்பியன்! 1969-ல் மறுபடியும். அப்புறம் 1981, 1982-ன்னு தொடர்ந்து இரண்டு.

ஐந்தாவதுதான் ஸ்பெஷல். 1994 இறுதிப் போட்டியில் எதிரே நின்றது மிலான். டிவி சேனல் அதிபர் சில்வியோ பெர்லுஸ்கோனி, ஃபுட்பால் கிளப்போடு சேர்த்து ரக்பி அணியையும் வாங்கி, பணத்தைக் கொட்டி வளர்த்த டீம் அது. ஆஸ்திரேலிய சூப்பர்ஸ்டார் டேவிட் கேம்பீஸ் சில சீசன்கள் ஆடிவிட்டுப் போன இடம். அர்ஜென்டினாவில் பிறந்து இத்தாலிக்காக ஆடிய டியேகோ டொமிங்கெஸ், அவர்களுடைய கோல் கிக்கர். 1993-ல் அவர்கள்தான் சாம்பியன். 1995, 1996-லும் அவர்களேதான். நடுவில் அந்த ஒரே ஒரு வருஷம், 1994-ல், கோப்பையைத் தட்டிப் பறித்தது மலை ஊர் லாக்குயிலா. அதே வருஷம்தான் பெர்லுஸ்கோனி முதன்முறையாக இத்தாலியின் பிரதமர் ஆனார். நாட்டையே ஜெயித்தவரின் டீமை ஜெயித்தோம்னு அந்த ஊர்க்காரர்கள் காலர் தூக்கிக்கலாம், தப்பில்லை.

1995: விளையாட்டு மாறிய வருஷம்

'இன்விக்டஸ்' படம் பார்த்திருக்கிறீர்களா? மண்டேலாவும் தென்னாப்பிரிக்க ரக்பி அணியும் வருமே, அந்த 1995 உலகக் கோப்பை முடிந்த இரண்டே மாதத்தில் சம்பளத் தடை நீக்கப்பட்டது. இனி வீரர்களுக்கு வெளிப்படையாகவே காசு கொடுக்கலாம். வீரர்களுக்கு அது நியாயமான விடிவுதான், மறுக்க முடியாது. ஆனா, ஊர்ப்பாசத்தை நம்பி ஓடிய சின்ன கிளப்களுக்கு அன்றைக்கே பிரச்னை தொடங்கிவிட்டது. நல்லா ஆடுற பையனை ஊரில் பிடித்து வைக்கப் பாசம் மட்டும் போதாது, சம்பள கவரும் வேணும். 1994-க்குப் பிறகு லாக்குயிலா ஒரு முறைகூட சாம்பியன் ஆகவில்லை.

அதிகாலை 3.32

2009 ஏப்ரல் 6. ஊரே தூங்கிக்கொண்டிருந்தபோது 6.3 அளவு நிலநடுக்கம். 309 பேர் உயிரிழந்தார்கள். 60,000-க்கும் அதிகமானோர் வீடிழந்தார்கள். மாணவர் விடுதி ஒன்றில் மட்டும் எட்டு மாணவர்கள் பலி.

ரக்பி அணியும் தப்பவில்லை. லொரென்சோ செபாஸ்டியானி என்ற இளம் வீரர் அந்த இரவில் இறந்துபோனார். அவர் ஆடியது ப்ராப் பொசிஷன். ஸ்க்ரம்மில் முதல் வரிசையில் நின்று மொத்த அணியின் பாரத்தையும் தோளில் தாங்குகிற வேலை. அவருடைய அணித் தோழர்கள் அன்றைக்கு இடிபாடுகளுக்குள் இறங்கி மற்றவர்களைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். கனமானதைத் தள்ளவும் தூக்கவும் பழகிய உடம்புகள், இல்லையா?

அப்போதும் பெர்லுஸ்கோனிதான் பிரதமர். சார்டினியா தீவில் நடக்கவிருந்த ஜி-8 மாநாட்டை அந்த ஜூலையில் லாக்குயிலாவுக்கே மாற்றினார். ஒபாமா உட்பட உலகத் தலைவர்கள் வந்து இடிபாடுகளைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். ஊர் ஜனங்களில் பல்லாயிரம் பேர் கூடாரங்களில். இன்னும் பல்லாயிரம் பேர், மலையைத் தாண்டி கடற்கரை ஹோட்டல்களில். பழைய நகரத்துக்குள் நுழையவே தடை.

யோசிச்சுப் பாருங்க. ரசிகர்கள் ஊரிலேயே இல்லை. ஸ்பான்சர் பண்ணக்கூடிய கடைக்காரரின் கடையே இல்லை. ஆனாலும் அணி கலையவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் இத்தாலியின் முதல் டிவிஷனிலேயே ஆடியது. இவ்வளவு நடந்தும் ஆடினார்களே, அதுதான் ஐந்து கோப்பைகளைவிடப் பெரிய விஷயம் என்பேன்.

ஆனா, அதே நேரத்தில் இத்தாலி ரக்பியின் அமைப்பே மாறிக்கொண்டிருந்தது. 2010-ல் அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து அணிகள் ஆடும் செல்டிக் லீக்கில் இரண்டு இத்தாலிய அணிகள் சேர்ந்தன. இரண்டுமே வடக்கு. தேசிய அணிக்கு ஆடுகிற தரமுள்ள வீரர்கள், டிவி, பணம் எல்லாம் அந்தப் பக்கம் போக, உள்நாட்டு சாம்பியன்ஷிப் இரண்டாம் கட்டமாகச் சுருங்கியது. முழுசாக இருக்கிற ஊர்களே திணறினபோது, கிரேன்களுக்கு நடுவில் வாழ்கிற ஊர் என்ன செய்யும்? லாக்குயிலா கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. கடைசியில் 2018-ல், பணமில்லாமல், 82 வருஷ கிளப் மூடப்பட்டது.

ஒரே இரவில் ஊர் சரிந்தபோது உதவ நாடே ஓடிவந்தது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கிளப் சரிந்தால், அது நியூஸ்கூட ஆகாது.

ரக்பி மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. வேறு பெயரில், அதே கறுப்பு-பச்சையில் இப்போதும் ஒரு அணி கீழ்நிலை லீக்கில் ஆடுகிறது. 2026-ம் ஆண்டுக்கான இத்தாலியின் கலாசாரத் தலைநகராகவும் லாக்குயிலா தேர்வாகியிருக்கிறது.

அந்தப் பள்ளியில் படித்தவர்கள் எப்படி ஆடுவார்கள்னு பார்க்கணுமா? ஆண்ட்ரேயா மாஸி. லாக்குயிலாவில் பிறந்து, அந்த கிளப்பில் ஆடத் தொடங்கி, பிறகு வடக்கே போய், ஃப்ரான்ஸ், இங்கிலாந்து வரைக்கும் போனவர். 2011 ஆறு நாடுகள் தொடரில் இத்தாலிக்குக் கடைசி இடம். ஆனா, தொடரின் சிறந்த வீரர் அவர்தான். அந்தப் பட்டம் வாங்கிய முதல் இத்தாலியர். அந்த மார்ச் 12 அன்று ரோமில், பின்தங்கியிருந்த இத்தாலிக்கு அவர் ஒரு ட்ரை அடிக்க, ஃப்ரான்ஸை 22-21 என்று சாய்த்தார்கள். ஆறு நாடுகள் தொடரில் ஃப்ரான்ஸுக்கு எதிராக இத்தாலியின் முதல் வெற்றி. யூடியூப்பில் தேடிப் பாருங்க.