செவி கொடுப்போர் வேண்டும்

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வீசிய கஜா புயலில் ஆலங்குடி வட்டாரத்துத் தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. இருபது முப்பது வருஷத்துப் பாடு அது. மரம் போயிற்று, மரத்தை நம்பி வாங்கிய கடன் போகவில்லை. அத்தகைய காலத்தில் குடியானவன் ஒருவன் பேச்சற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அவன் மனத்தில் என்ன ஓடுகிறதென்று விசாரிக்க நம்மில் எத்தனை பேர் முன்வருகிறோம்? எத்தனை மரம் சேதம் என்று கேட்போம். அத்துடன் சரி.

கேட்பாரற்றவன் தன்னைப் போலவே வாழ்வை வெறுத்தவர்களைத் தேடிப் போகிறான். அவர்கள் அவனை ஏளனம் செய்வதில்லை. ஆகையால் முதலில் ஆறுதலாகவே தோன்றும். ஆனால் சாவே விமோசனம் என்று பேசும் கூட்டத்தில் மாற்று வார்த்தை சொல்ல ஆளில்லை. ஒருவனது நிராசையை மற்றவன் ஊர்ஜிதம் செய்கிறான். தயங்குகிறவனைக் கோழை என்கிறார்கள். அந்தத் தயக்கமல்லவா அவனைக் காப்பது? சாக நினைப்போரில் பெரும்பாலோர் அதே சமயத்தில் வாழவும் விரும்புகின்றனர் என்பது வைத்தியர்கள் கண்ட உண்மை.

அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. 1965-லும் 2009-லும் தமிழ்நாட்டில் சிலர் லட்சியத்தின் பேரால் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவர்களுடைய மனத்தூய்மையை நாம் சந்தேகிக்கவில்லை. ஆயினும் அச்செயலை மேடையேறிப் புகழ்ந்தவர்கள், கீழே நின்று கேட்ட அடுத்த இளைஞனை நினைத்தார்களா? பத்திரிகைகளும் குற்றமற்றவை அல்ல. வியன்னா நகரில் சுரங்க ரயில் நிலையங்களில் நிகழ்ந்த தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பாக வர்ணித்து வந்தன. 1987-ல் அவ்வழக்கத்தைக் கைவிட்டதும் அச்சம்பவங்கள் வெகுவாகக் குறைந்தன. இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலும் 2019-ல் இது பற்றி விதிகள் வகுத்தது. அவற்றை நம் தொழிலார் எல்லோரும் படித்திருப்பதாகத் தெரியவில்லை!

பின் யாரிடம் போவது? 1953-ல் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், உயிரை விடத் துணிந்தவர்கள் தம்முடன் பேசலாமென்று அறிவித்தார். வந்தவர்கள் காத்திருக்கும் வேளையில் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில தொண்டர்களை வைத்தார். விந்தை என்னவெனில், அத்தொண்டர்களிடம் மனம்விட்டுப் பேசியதிலேயே பலருக்குப் பாரம் குறைந்துவிட்டது. பாதிரியாரைப் பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. மறு வருஷமே அவர் அப்பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். நம் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் நிறுவிய 'சிநேகா'வும் தொண்டர்களைக் கொண்டே நடந்து வருகிறது.

ஆலங்குடித் தேநீர்க் கடைகளில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கேட்பதற்குத்தான் பஞ்சம். "சாக வேண்டுமென்று தோன்றுகிறதா?" என்று நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகுமென்று பலர் அஞ்சுகின்றனர். அது வீண் பயம். ஒளித்து வைத்ததைச் சொல்ல அவனுக்கு அதனால் வழி பிறக்கிறது. சொன்ன பிறகு உபதேசத்தை ஆரம்பித்துவிடலாகாது. அவனைத் தனியே விடவும் கூடாது. பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். ஆலங்குடி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ, புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநல வைத்தியரிடமோ கூடவே அழைத்துப் போக வேண்டும்.

போலீஸ் கேஸ் வருமென்று குடும்பத்தார் மூடி மறைப்பதுண்டு. தற்கொலைக்கு முயன்றவனைத் தண்டித்த 1860-ஆம் வருஷத்துச் சட்டப் பிரிவின் பல்லை 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் பிடுங்கிற்று. முயன்றவன் கடும் மன நெருக்கடியில் இருந்தான் என்றே கருதி, சிகிச்சையளிக்கும் கடமையைச் சர்க்கார் மீது அது சுமத்துகிறது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய குற்றச் சட்டத்தில் அப்பழைய பிரிவு இல்லை.

நள்ளிரவில் அண்டை அயலார் உறங்கும்போதும் 14416 என்ற டெலிபோன் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். சர்க்கார் 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' அது. 'சிநேகா'வின் எண் 044-24640050. ஆலங்குடியில் ஒவ்வொரு கட்சிக்கும் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. கூட்டச் செய்தி இல்லாத நாட்களிலேனும் இவ்விரண்டு எண்களையும் அவற்றில் எழுதி வைக்கும்படி ஊழியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.